நைலான் என்ற பேரையே கேட்காத ஆள்

வத்தலக்குண்டு தாண்டி காட் ரோடு ஆரம்பித்துவிட்டால் எந்த வண்டியும் செகண்ட் கியர், தேர்ட் கியர் என்று முக்கி முனகித்தான் ஏறும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுத்த முறை ட்ரிப் போகும்போது, எல்லாரும் இறங்கி வியூ பாயின்டில் செல்ஃபி எடுக்கிற கேப்பில், காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். (ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துவிடும்.) ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம். அதன் ஓரங்களில் கறுப்பாக, நீளமாக ஒரு பெட்டி மாதிரி இருக்கும். தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். 100 டிகிரியைத் தொடுகிற கூலன்ட்டை, பிரஷரோடு சேர்த்து, பல வருஷம் அது தாங்கி நிற்கிறது. பெரும்பாலும் அது நைலான் 66. அதில் எடைக்கு 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்திருப்பார்கள்.

நைலான் என்றால் நம்ம வீட்டில் துணி காயப்போடுகிற கயிறும், பாட்டி காலத்து நைலக்ஸ் சேலையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கேபிள் டை, கியர், இன்டேக் மேனிஃபோல்டு, ஏர்பேக் துணி, ஸ்விட்ச் கியர் பாகங்கள் என்று மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் ரெண்டு டிபார்ட்மென்டும் சேர்ந்து நம்பியிருக்கிற பொருள் இது. இதை முதலில் செய்த ஆய்வுக்குழுவின் தலைவர் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ். பாலிமர் பேப்பர் எடுத்தவர்களுக்கு அவர் ஒரு ஈக்வேஷனுக்குப் பக்கத்தில் வருகிற பேர், அவ்வளவுதான். 2 மார்க் கேள்வி. அந்த 2 மார்க்குக்குப் பின்னால் 41 வருஷ வாழ்க்கை ஒன்று இருக்கிறது. அதில் நைலான் என்ற வார்த்தைக்கு இடமே இல்லை. அந்தப் பேர் வைக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

கதைக்குள் போகும் முன், நம்ம மலை சம்பந்தமாக ஒரு விஷயம். பழனி மலையின் மேல் பக்கம் போனால் மைல் கணக்கில் வாட்டில், யூக்கலிப்டஸ், பைன். இவை எதுவும் இந்த மண்ணின் மரம் இல்லை. சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்த இடத்தில் நட்டு வளர்த்தவை. பட்டையில் இருந்து தோல் பதனிட டானின் எடுக்க, மரத்தைக் கூழாக்கி செயற்கை இழை செய்ய என்று இந்த மரங்களுக்குக் காரணங்கள் இருந்தன. தமிழக மலைகளில் வளர்த்த இந்த வகை மரங்கள் மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குப் போயின. அந்த இழைக்குப் பேர் ரேயான். ரேயானுக்கு சங்கிலி மூலக்கூறை மரமே செய்து கொடுத்துவிடும். செல்லுலோஸைக் கரைத்து, ஓட்டை வழியாகப் பிழிந்து, திரும்ப இழையாக்குவதுதான் ஆலையின் வேலை. 1920களில் செயற்கை இழை என்றாலே உலகம் முழுக்க இதுதான். சங்கிலியையே மனுஷன் கட்டலாம் என்று செய்து காட்டியவர்தான் நம்ம ஆள்.

கரோதர்ஸ் 1896 ஏப்ரல் 27-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஒரு வணிகக் கல்லூரியில் ஆசிரியர். பையன் கெமிஸ்ட்ரி மேல் ஆசை வைத்திருந்தாலும் ஸ்கூல் முடித்ததும் அப்பாவின் காலேஜிலேயே கணக்குப்பதிவு படித்தார். ஒரு வருஷத்தில் அதை முடித்துவிட்டு 1915-ல் மிசூரி மாநிலத்தில் டார்கியோ என்ற சின்ன காலேஜில் சேர்ந்தார். ஃபீஸுக்காக அங்கேயே வணிகப் பாடம் நடத்திக்கொண்டே சயின்ஸ் படித்தார். முதல் உலகப் போர் நேரம். கெமிஸ்ட்ரி பேராசிரியர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், புது ஆள் கிடைக்கவில்லை. ஃபைனல் இயர் ஸ்டூடன்டான கரோதர்ஸையே கிளாஸ் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நமக்கு ஆசிரியர் வராவிட்டால் கேன்டீன். அவருக்கு டிபார்ட்மென்டே கைக்கு வந்தது.

1920-ல் பட்டம், 1921-ல் இலினாய் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ், 1924-ல் அங்கேயே ரோஜர் ஆடம்ஸிடம் பிஎச்.டி. 1926-ல் ஹார்வர்டில் ஆசிரியர். கிளாஸில் நின்று பேசுவது அவருக்குப் பிடித்த வேலை இல்லை. லேபும் புத்தகமும் இசையும் போதும் என்கிற டைப்.

இந்த நேரத்தில்தான் டூபான்ட் கம்பெனி கதவைத் தட்டியது. வெடிமருந்து செய்து பணக்காரனான கம்பெனி அது. அதன் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் ஸ்டைன், உடனடியாக விற்கக்கூடிய பொருள் எதையும் குறிவைக்காத அடிப்படை ஆராய்ச்சிக்கு என்று ஒரு பிரிவு ஆரம்பிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சண்டை போட்டுப் பணம் வாங்கியிருந்தார். டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் ஊர்ப்பக்கம் அதற்குப் புது லேப். மற்ற பிரிவுக்காரர்கள் அதற்கு ப்யூரிட்டி ஹால் என்று கிண்டலாகப் பேர் வைத்தார்கள். கரோதர்ஸ் முதலில் வரமாட்டேன் என்றார். சம்பளம் ஹார்வர்டை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு, வருஷத்துக்கு 6,000 டாலர். அப்படியும் தயங்கினார். காரணத்தை மறைக்கவும் இல்லை. தனக்கு அவ்வப்போது மனம் இருண்டு, எந்த வேலையும் ஓடாத காலங்கள் வருகின்றன, காலேஜில் அதைச் சமாளித்துக்கொள்ளலாம், கம்பெனியில் அது பெரிய தடையாக இருக்கும் என்ற அர்த்தத்தில் அவர்களுக்கே எழுதினார். வேலைக்குக் கூப்பிடுகிறவனிடம் இதைச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும் என்று பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் விடவில்லை. 1928 பிப்ரவரியில் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி அந்தக் காலத்தில் ஒரு சண்டைக் களம். ரப்பர், பட்டு, செல்லுலோஸ் எல்லாம் என்ன? சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு மர்ம விசையால் ஒட்டிக்கொண்டு கிடக்கிற கும்பல் என்று பெரிய ஆட்கள் பலர் நம்பினார்கள். ஜெர்மனியில் ஹெர்மான் ஸ்டவுடிங்கர் மட்டும் 1920-லிருந்து, இல்லை, இவை ஆயிரக்கணக்கான அணுக்கள் சாதாரணப் பிணைப்பால் கோத்த ஒரே நீளச் சங்கிலி என்று கத்திக்கொண்டிருந்தார். கரோதர்ஸ் வாதத்துக்குப் போகவில்லை. இயற்கை செய்த சங்கிலியை உடைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, எல்லாருக்கும் தெரிந்த பழைய வினைகளை வைத்துக் கீழிருந்து சங்கிலியைக் கட்டிக் காட்டுவோம் என்று முடிவு செய்தார்.

அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர், கூடவே ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். பிளஸ் டூ பாடம். ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருந்தால் இரண்டு பேர் சேர்ந்ததும் கதை முடிந்தது. இரண்டு முனையிலும் அமிலம் உள்ள மூலக்கூறு, இரண்டு முனையிலும் ஆல்கஹால் உள்ள மூலக்கூறு என்று எடுத்தால்? ரயில் பெட்டி மாதிரி இரண்டு பக்கமும் கப்ளிங். சேரச் சேர நீளும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போகும். ஐடியா இவ்வளவுதான். கஷ்டம் நீளத்தில்.

இங்கேதான் அந்த 2 மார்க் ஈக்வேஷன் வருகிறது. சங்கிலியின் சராசரி நீளம் என்பது 1 வகுத்தல் (1 கழித்தல் வினை முடிந்த பங்கு). போட்டுப் பாருங்கள். 90 சதவீதம் வினை முடிந்தால் சராசரியாக 10 துண்டு. 95-க்கு 20. 99-க்கு 100. 99.5-க்கு 200. நம்ம ஊரில் 95 வாங்கினால் ட்ரீட், பேனர். பாலிமருக்கு 95 என்றால் அது மெழுகு, தொட்டால் உதிரும். கடைசி ஒரு சதவீதத்தில்தான் பொருள் பிறக்கிறது. அந்தக் கடைசி சதவீதம் வர வேண்டுமானால் தண்ணீரைத் துளிகூட விடாமல் வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வினை திரும்பிப் போய்விடும். என் கருத்தில் நைலானை விட இந்தச் சின்ன ஈக்வேஷன்தான் கரோதர்ஸின் பெரிய வேலை. இன்றும் பாலியஸ்டர், நைலான் ஆலைகளின் ரியாக்டர் டிசைன் இதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஓடுகிறது.

இன்னொன்று. இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு மோல்டிங் யூனிட்டுக்குப் போயிருந்தேன். நைலான் குருணை அங்கே காற்றுப் புகாத பையில் வரும். மெஷினில் போடும் முன் ட்ரையரில் காய வைத்தே ஆக வேண்டும், ஈரம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஏன் இந்த பில்டப் என்று எனக்கு அப்போது புரியவில்லை. 280 டிகிரி பேரலுக்குள் அந்தத் தண்ணீர் கரோதர்ஸின் வினையைத் தலைகீழாக ஓட்டும், சங்கிலி அறுந்து பார்ட்டில் வெள்ளிக் கோடு விழும். மன்னவனூரில் டென்ட் போட்டவர்களும் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருப்பார்கள். ராத்திரி இழுத்துக் கட்டிய நைலான் துணியும் கயிறும் காலைப் பனிமூட்டத்தில் தொய்ந்து கிடக்கும். தண்ணீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். தண்ணீரை விரட்டிப் பிறந்த பொருள், தண்ணீரோடு கடைசிவரை பகையும் உறவுமாகவே இருக்கிறது.

சரி, 1930-க்கு வருவோம். அதுவரை மூலக்கூறு எடை 5,000, 6,000-க்கு மேல் ஏற மறுத்தது. உயர் வெற்றிடத்தில், வெளியேறும் தண்ணீரைக் குளிர்ந்த பரப்பில் பிடித்து வைக்கிற ஒரு கருவியை கரோதர்ஸ் குழு பயன்படுத்த ஆரம்பித்தது. ஏப்ரலில் ஜூலியன் ஹில் அதில் செய்த பாலியஸ்டர் 12,000-ஐத் தாண்டியது. கண்ணாடிக் கம்பியால் தொட்டு இழுத்தால் நூலாக வந்தது. ஆறிய நூலைத் திரும்ப இழுத்தால் இன்னும் நாலைந்து மடங்கு நீண்டு, பட்டு மாதிரி பளபளத்து, முன்பைவிட உறுதியானது. குழப்பமாகக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகி நின்றுவிடுவதால் வருகிற பலம் அது. பாஸ் இல்லாத நேரத்தில் எல்லாரும் சேர்ந்து நூலைப் பிடித்துக்கொண்டு காரிடரில் ஓடினார்கள் என்று சொல்வார்கள். அதே ஏப்ரலில் அதே குழுவில் ஆர்னால்ட் காலின்ஸ் குளோரோப்ரீனைக் கண்டார். அதிலிருந்து வந்தது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். ஒரே மாதத்தில் இரண்டு. உலகத்தில் எந்த லேபுக்கு அப்படி ஒரு மாதம் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

ஆனால் ஹில்லின் நூல் சட்டைக்கு ஆகாது. அந்த வகைப் பாலியஸ்டர் சுடுதண்ணீர் சூட்டிலேயே உருகிவிடும். அயர்ன் பாக்ஸ் வைத்தால் சட்டை போயே போச்சு. அதற்குள் ஸ்டைன் பதவி உயர்ந்து போய், அவர் இடத்துக்கு எல்மர் போல்டன் வந்தார். போல்டன் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்குப் பொருள் வேண்டும், அதுவும் பொருளாதார மந்தம் நடக்கிற காலத்தில். கரோதர்ஸுக்கோ விடைதான் வேண்டும், பொருள் வந்தால் வரட்டும். சில வருஷம் இழை வேலை தூங்கியது. 1934-ல் போல்டன் தூண்டுதலில் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை எஸ்டருக்குப் பதில் அமைடு. அமைடு சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும், அதனால் உருகுநிலை எகிறும். மே 24-ல் டொனால்ட் காஃப்மன் முதல் நல்ல அமைடு இழையை இழுத்தார்.

அந்த வருஷ சம்மரில் கரோதர்ஸ் திடீரென்று லேபுக்கு வரவில்லை. பால்டிமோரில் ஒரு மனநல மருத்துவமனையில் இருப்பது பிறகு தெரிந்தது. சில வாரங்களில் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

அப்புறம் ஒரு பட்டியலே செய்தார்கள். எத்தனை கார்பன் உள்ள டைஅமீன், எத்தனை கார்பன் உள்ள அமிலம் என்று மாற்றி மாற்றி. பேரில் வருகிற எண் அதுதான், முதல் எண் அமீனின் கார்பன், இரண்டாவது அமிலத்தின் கார்பன். கரோதர்ஸுக்குப் பிடித்தது 5-10. உருகுநிலை அளவாக இருந்தது, கையாள சுலபம். 1935 பிப்ரவரி 28-ல் ஜெரார்ட் பெர்ஷே 6-6 செய்தார். அது 260 டிகிரிக்கு மேல்தான் உருகியது, பிடிவாதமான சரக்கு, நூற்கவே புது முறை கண்டுபிடிக்க வேண்டும். போல்டன் 6-6 என்றார்.

அவர் பார்த்தது சப்ளையை. 5-10-ல் அந்தப் பத்து கார்பன் அமிலம், செபாசிக் அமிலம், ஆமணக்கு எண்ணெயில் இருந்து வருவது. விலை அதிகம், அளவு கம்மி. பென்சீனோ ஆறு கார்பன் வளையம், அன்றைக்கு நிலக்கரித் தாரில் இருந்து டன் கணக்கில் கிடைத்தது. வளையத்தைத் திறந்தால் ஆறு கார்பன் அடிபிக் அமிலம். அதே அடிபிக் அமிலத்தை அடிபோநைட்ரைல் ஆக்கி, ஹைட்ரஜன் ஏற்றினால் ஆறு கார்பன் டைஅமீன். இரண்டு பக்கச் சரக்கும் ஒரே மூலத்திலிருந்து. கெமிஸ்ட் தன் கண்ணுக்கு அழகானதைக் கேட்டார், மேனேஜர் உலகத்தில் கிடைப்பதைக் கேட்டார். மேனேஜர் சொன்னது நடந்தது, சரியாகவும் இருந்தது. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் மெட்டீரியல் காஸ்ட் கேட்டதும் முழிக்கிற நமக்கெல்லாம் இதில் விஷயம் இருக்கிறது.

1936 பிப்ரவரியில் ஹெலன் ஸ்வீட்மனைத் திருமணம் செய்தார். கெமிஸ்ட்ரி படித்தவர், டூபான்டின் காப்புரிமைப் பிரிவில் வேலை. ஏப்ரலில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்கு கரோதர்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். கம்பெனியில் வேலை பார்க்கும் ஆர்கானிக் கெமிஸ்ட் ஒருவருக்கு அந்த மரியாதை கிடைத்தது அதுதான் முதல் முறை. வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் செட் ஆன வாழ்க்கை. ஜூனில் அவரை ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

வெளியே வந்ததும் ஆல்ப்ஸ் மலைக்கு, தன் பழைய குரு ஆடம்ஸோடு நடைப்பயணம் போனார். இரண்டு வாரம் என்பது பிளான். அதன் பிறகு யாரிடமும், மனைவியிடம்கூட, ஒரு வார்த்தை சொல்லாமல் தனியாக நடந்துகொண்டே இருந்தார். செப்டம்பர் நடுவில் ஒருநாள் திடீரென்று ஹெலனின் ஆபீஸ் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். மலையில் அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அவர் வாழ்க்கையில் மறக்க முடியாத பகுதி அதுதான். ஒரு மனுஷன் தன் மனசிடமிருந்து தப்பிக்க எவ்வளவு தூரம் நடப்பான்!

1937 ஜனவரியில் தங்கை இசபெல் காய்ச்சலில் இறந்துபோனார். ரேடியோ நாடகத்தில் அமெரிக்கா முழுக்கப் பிரபலமான பெண். சிறு வயதிலிருந்து இருவருக்கும் இசைதான் பொதுப் பாஷை. கரோதர்ஸ் அதிலிருந்து எழவே இல்லை. ஐடியா எல்லாம் தீர்ந்துவிட்டது, இனி தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் அவரைப் பிடித்திருந்தது. அந்த நேரத்தில் அவர் பேரில் 50-க்கு மேற்பட்ட காப்புரிமைகளுக்கான வேலை, பாலிமர் துறைக்கே அடித்தளமான கட்டுரைகள், சந்தைக்கு வந்துவிட்ட ஒரு ரப்பர் எல்லாம் இருந்தன. ஏப்ரல் 9-ல் செயற்கை இழைக் காப்புரிமைக்கு மனு போனது. இருபது நாள் கழித்து, ஏப்ரல் 29-ல், 41-வது பிறந்தநாள் முடிந்த இரண்டாம் நாள், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் அறையில் அவர் தன் உயிரை எடுத்துக்கொண்டார். ஹெலன் அப்போது கர்ப்பமாக இருந்தார். நவம்பரில் மகள் ஜேன் பிறந்தாள்.

இதை ஜீனியஸ் என்றால் அப்படித்தான் என்று ரொமான்டிக்காக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவருக்கு இருந்தது நோய். இன்றைக்கு இருக்கிற மருந்தும் சிகிச்சையும் 1937-ல் இல்லை. சாதித்தவர்களுக்கு அது வராது என்பதும் பொய், சாதித்தால் அது போய்விடும் என்பதும் பொய். ஹாஸ்டலில் நம்ம பக்கத்து ரூமில் ஒருத்தன் நாலு நாளாக வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். 104-க்கோ, டெலி மனாஸ் 14416-க்கோ போன் பண்ணலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எடிட்டர் இந்த வரிகளை வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் கட்டுரையைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் போன பிறகு நடந்ததெல்லாம் வேகம். 1938 பிப்ரவரியில் அந்தப் பொருளில் டூத் பிரஷ் வந்தது. அதுவரை பிரஷ்ஷுக்குப் பன்றி முடி. அக்டோபர் 27-ல் ஸ்டைன் நியூயார்க்கில் ஒரு கூட்டத்தில், நிலக்கரி, தண்ணீர், காற்று இவற்றிலிருந்து செய்த இழை என்று உலகத்துக்கு அறிவித்தார். நைலான் என்ற பேர் அப்போதுதான் வெளியே வந்தது. நியூயார்க்கும் லண்டனும் சேர்ந்து நைலான் என்று வாட்ஸ்அப்பில் வருகிற கதை கட்டுக்கதை. கம்பெனி நூற்றுக்கணக்கான பேர்களை அலசி, மாற்றி மாற்றி உச்சரித்துப் பார்த்து எடுத்த பேர் அது. 1939 கடைசியில் சீஃபோர்டில் ஆலை ஓட ஆரம்பித்தது. 1940 மே 15-ல் அமெரிக்கா முழுக்க காலுறை விற்பனை. முதல் வருஷத்தில் 6 கோடி ஜோடிக்கு மேல் போனது. போர் வந்ததும் காலுறை நின்று பாராசூட்டும் கயிறும் டயர் நூலுமாக மாறியது. பட்டு ஜப்பான் கையில் இருந்ததால் வேறு வழியில்லை. ஸ்டவுடிங்கருக்கு 1953-ல் நோபல். கரோதர்ஸிடம் 1934-ல் ஜூனியராகச் சேர்ந்த பால் ஃப்ளோரிக்கு 1974-ல் நோபல். குருவுக்குக் கிடைக்காதது சிஷ்யனுக்குக் கிடைத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கரோதர்ஸ் கையை விட்டுவிட்டார். கேப்ரோலாக்டம் என்ற வளைய மூலக்கூறு பாலிமராகாது என்று தன் சோதனைகளிலிருந்து அவரும் பெர்ஷேயும் முடிவு கட்டியிருந்தார்கள். ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1938 ஜனவரியில் அதையே சூடாக்கி நீளச் சங்கிலியாக்கினார். டூபான்ட் காப்புரிமையில் ஒரு சந்து கிடைத்தது. அதுதான் நைலான் 6. நம்ம நாட்டு நைலான் பெரும்பாலும் இந்தச் சந்து வழியாக வந்ததுதான். குஜராத்தில் வதோதராவிலும் கேரளாவில் கொச்சிப் பக்கமும் உர ஆலைகள் கேப்ரோலாக்டம் செய்கின்றன. சென்னை மணலியிலும், மயிலுக்கும் முருகனுக்கும் பேர்போன விராலிமலையிலும் லாரி டயருக்கான நைலான் நூல் நெய்கிறார்கள்.

ரேடியேட்டரில் இருக்கிற 66 வேறு கதை. போல்டன் பார்த்த சப்ளை கணக்கு இன்று அப்படியே திரும்பி நின்று கடிக்கிறது. அடிபோநைட்ரைலை இப்போது பெரும்பாலும் பியூட்டடையீனில் ஹைட்ரஜன் சயனைடு சேர்த்துச் செய்கிறார்கள். விஷத்தைக் கையாளுகிற, காசு பிடிக்கிற ஆலை. அதனால் பல காலமாக உலகத்தில் அதைச் செய்தவர்கள் ஒரு கை விரலுக்குள்தான். அமெரிக்காவில் இன்விஸ்டா, அசெண்ட், பிரான்சில் பியூட்டாகிமி, ஜப்பானில் அசாஹி கசேய். இதில் இன்விஸ்டா என்பது டூபான்ட் 2004-ல் விற்றுவிட்ட அதே இழைப் பிரிவு, பேர் மட்டும் புதுசு. 2018-ல் இந்தச் சில ஆலைகளில் அடுத்தடுத்து வந்த தடங்கல்களால் உலகம் முழுக்க நைலான் 66-க்குப் பஞ்சம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வரலாறு காணாத பனி, கரண்ட் போய் ஆலைகள் நின்றன, திரும்ப அதே பஞ்சம். அதற்கு முன் 2012 மார்ச் கடைசியில் ஜெர்மனியின் மார்ல் நகரத்தில் ஒரே ஒரு ஆலையில் நடந்த வெடிவிபத்தில், பிரேக், ஃப்யூவல் குழாய்களுக்கான நைலான் 12 இல்லாமல் கார் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து அவசரக் கூட்டம் போட்டன. கார் பார்ட்டில் மெட்டீரியலை மாற்றுவது கடையில் பிராண்ட் மாற்றுவது மாதிரி இல்லை. சூடு, அதிர்வு, கூலன்ட் என்று எல்லா டெஸ்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் 2022-ல் இன்விஸ்டா ஷாங்காயில் வருஷம் 4 லட்சம் டன் ஆலையைத் திறந்தது. சீனக் கம்பெனிகளும் சொந்தமாக அடிபோநைட்ரைல் செய்ய இறங்கிவிட்டன.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே கரோதர்ஸின் 5-10 என்ன ஆயிற்று என்று தேடிப் பார்த்தேன். அதில் பத்து கார்பன் பக்கத்துக்கு வேண்டிய ஆமணக்கில் இன்று உலகத்துக்கே முதலாளி இந்தியாதான். குஜராத் முன்னால், வெகு பின்னால் மற்ற மாநிலங்கள். நம்ம பக்கம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. சின்ன வயசில் மூக்கைப் பிடித்து நமக்கு ஊற்றிய விளக்கெண்ணெய்தான் செபாசிக் அமிலத்துக்கு மூலம். ஐந்து கார்பன் டைஅமீன் அந்தக் காலத்தில் லேபில் கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டிய சரக்கு. இப்போது சர்க்கரையை பாக்டீரியாவுக்குக் கொடுத்து, லைசின் வழியாக அதைத் தொட்டியில் நொதிக்க வைத்தே எடுக்கிறார்கள். ஷாங்காயைச் சேர்ந்த கேத்தே பயோடெக் அப்படித்தான் செய்கிறது. அவர்களுடைய பாலிஅமைடு பட்டியலில் 56-க்குக் கொஞ்சம் கீழே 510 இருக்கிறது.